என் பல் விழவில்லை

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் சாதாரணதரம் வரைதான் படித்தவள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவேன். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறந்து பேசியும் பழக்கமில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். அப்படிப்பட்டவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். எனக்கு என் பற்களைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். மேல்வரிசையில் முன்னால் இருந்த மூன்று பற்கள்.

இன்னொன்றுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இது நல்ல மனதோடு எழுதுகிற எழுத்து இல்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் இந்த வன்மத்தை இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை. சொன்னால் சுவாமி மன்னித்துவிடு என்பார், நானும் ஓம் சுவாமி என்று பொய் சொல்ல வேண்டிவரும். இதில் வருகிறவள் என் மச்சாள், என் கணவரின் அக்கா. நேரில் நான் அவளுக்கு வாங்கோ, இருங்கோ என்றுதான் சொல்வேன். எழுத்தில் அந்த மரியாதையை வைக்கப் போவதில்லை. இந்தத் தாளில் அவள், அவள்தான்.

சண்டை முடிந்த வருடம் நாங்கள் முகாமில் இருந்தோம். ஒரு தறப்பாள் கொட்டிலில் நானும் கணவரும் பிள்ளைகளும். பக்கத்துக் கொட்டிலில் மச்சாளும் அவள் பிள்ளைகளும். காலையில் பவுசர் வந்து தண்ணீரைப் பெரிய தாங்கியில் நிரப்பிவிட்டுப் போகும். தாங்கிக்கு இரண்டு குழாய்கள். விடிவதற்கு முன்பே ஆட்கள் தங்கள் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்களைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வந்து படுப்பார்கள். ஆளுக்குப் பதிலாகக் கான் வரிசையில் நிற்கும். எங்கள் கானுக்கு நான் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் போனபோது என் கான் நாலு கான்களுக்குப் பின்னால் போயிருந்தது. அது நின்ற இடத்தில் மச்சாளின் கான். அவள் தன்னுடையதை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் கானை எடுத்து அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். அவள் நிரம்பிய கானைத் தூக்கினாள். தூக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கானை வீசித் திருப்பினாள். இருபது லீற்றர் தண்ணீர். கானின் மூலை என் வாயில் அடித்தது. நான் அப்படியே சேற்றில் குந்திவிட்டேன்.

என் வாய்க்குள் இரத்தம் நிறைவதற்கு முன்பே அவள் சத்தம் போட்டாள். "ஐயோ, வழுக்கி விழுந்திட்டா! பைப்படியில பாசி எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் சொல்ல வாயைத் திறந்தேன். இரத்தமும் ஒரு பல்லும்தான் வந்தன. அந்த நேரத்தில் யார் முதலில் சொன்னார்களோ அவர்களுடைய கதைதான் நின்றது. அடுத்த கிழமை இரண்டாவது பல் போனது. மூன்றாவது ஆடிக்கொண்டிருந்தது. முகாம் வைத்தியசாலையில் அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

கணவரிடம் சொன்னேன். "அக்கா வேணுமெண்டு செய்வாவோ? தண்ணிப் பாரம், கை தவறியிருக்கும்," என்றார். "கை தவறினதெண்டாலும் அவ சொல்லலாம்தானே," என்றேன். "விடு. பெரிய பெரிய இழப்புக்கெல்லாம் சனம் வாய் திறக்கேல்லை, நீ பல்லுக்கு நிக்கிறாய்," என்றார். அது உண்மைதான். அந்த முகாமில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். பல்லைப் பற்றிப் பேச எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் அவளுக்கு வாய்ப்பாகிவிட்டது.

பிறகு எங்களைப் பேசாலைக்கு அனுப்பினார்கள். அது கணவரின் ஊர். காணியைத் துப்புரவாக்கித் தகரம் போட்டுக் குடியேறினோம். மச்சாள் வீடு இரண்டு காணி தள்ளி. கடற்கரையில் கிடுகு வேய்ந்த ஒரு வாடியில் எட்டுப் பெண்கள் இருந்து கிழிந்த வலைகளைப் பொத்துவோம். அவளும் அதில் ஒருத்தி. காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் வரை அவளுக்கு எதிரே இருந்து வேலை செய்ய வேண்டும்.

வலை பொத்துகிறவர்களுக்கு முன்பல் ஒரு கருவி. முடிச்சைப் போட்டு இழுத்துவிட்டு, மிச்சத் தங்கூசியை, அந்த நைலோன் நூலை, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனிக்கு நுனி பொருந்தும்படி வைத்து ஒரு கடி. 'டிக்' என்று அறும். மற்றவர்கள் டிக் டிக் என்று போய்க்கொண்டிருப்பார்கள். நான் ஒவ்வொரு முடிச்சுக்கும் கத்தியைத் தேடி எடுத்து வெட்டுவேன். மச்சாளின் பற்கள் நல்ல பற்கள். கடல் மணல் போல வெள்ளை. அவள் கடிக்கும்போதெல்லாம் நான் அவளுடைய வாயைப் பார்ப்பேன். அவை ஒவ்வொன்றாகக் கறுக்க வேண்டும் என்று நினைப்பேன். இரவில் கடைவாய்ப் பல் குத்தி அவள் எழும்பி இருந்து அழ வேண்டும் என்று நினைப்பேன். நினைத்துவிட்டு முடிச்சைப் போடுவேன்.

பல் இல்லாததில் சாப்பாட்டுக் கஷ்டத்தைவிடப் பேச்சுக் கஷ்டம் பெரிது. 'த' என்ற எழுத்துக்கு நாக்கு போய்த் தொட முன்பல் வேண்டும். எனக்கு அங்கே ஓட்டை. 'தண்ணி' என்று சொன்னால் காற்றுத்தான் முதலில் வரும். முகாமிலிருந்து வந்த புதிதில் ஒருநாள், வாடியில் துணிந்து சொல்லத் தொடங்கினேன். "நான் விழேல்லை, மச்சாள் தண்ணிக்கானால..." என்றேன். தண்ணிக்கான் என்ற சொல் என் வாயிலிருந்து சீட்டி அடித்துக்கொண்டு வெளியே போனது. எல்லோரும் ஊசியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

மச்சாள் கையைக் கூப்பி, வேண்டுமென்றே மரியாதை போட்டுச் சொன்னாள். "மச்சாள், படலையைச் சாத்திப்போட்டுக் கதையுங்கோ. காத்தடிக்குது!"

வேலியில் ஆள் போய்வரும் வாசலுக்குப் போடுகிற கதவுதான் படலை. அன்றிலிருந்து எனக்குப் படலை என்று பெயர். "படலை வந்திட்டுது." "படலையிட்டக் கத்தியை வாங்குங்கோ." என் கடைசி மகளை யாரோ "படலையின்ர பெட்டை" என்று சொன்னதை நானே கேட்டேன்.

இதற்குக் கோபிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் மச்சாளுக்கு மச்சாள் பகிடி விடலாம். கலியாண வீட்டிலும் விடலாம், செத்த வீட்டில் எட்டாம் நாள் எட்டுச் செலவிலும் விடலாம். எவ்வளவு குத்தினாலும் குத்துப்பட்டவள் சிரிக்க வேண்டும். கோபித்துக்கொண்டால் "பகிடிக்கும் கோவிக்கிறா" என்று கோபித்தவளுக்குத்தான் கெட்ட பெயர். அவள் அந்த உரிமைக்குள் இருந்துகொண்டு என்னை அடித்தாள். நான் சிரித்தேன். மூன்று வருடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சுவாமி அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் பல் வைத்தியம் நடக்கும், பல் இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பல் கட்டுவார்கள், மாதம் ஒருமுறை வருவார்கள் என்று. பல் வந்தால் 'த' வரும். 'த' வந்தால் தண்ணிக்கான் வரும். அவள் எப்படி அடித்தாள் என்பதை ஒருவரும் சிரிக்காத மாதிரி சொல்லுவேன். சொல்லி, அவளுடைய வாயால் ஒப்புக்கொள்ள வைப்பேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அழகுக்காக நான் பல் கட்டப் போகவில்லை.

நான் தனியாகப் போகக் கூச்சப்படுவேன் என்று கணவர் யாரைத் துணைக்கு அனுப்பினார் தெரியுமா? அவளைத்தான். "அக்கா கூட்டிக்கொண்டு போவா," என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் சீலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

பள்ளிக்கூட வகுப்பறையில் வாங்குகளை ஒதுக்கிவிட்டு ஒரு சாய்வுக் கதிரை போட்டிருந்தார்கள். டொக்டர் ஒரு இளம் பெண், எங்கள் தமிழ்தான். அவருக்கு உதவியாக ஒரு சிங்களப் பெடியன், தமிழ் கொஞ்சம் தெரியும். எனக்கு முன்னால் ஓலைத்தொடுவாயிலிருந்து வந்த வயதான ஒரு அம்மா இருந்தார். பெடியன் அவரிடம் "கட்ட அரின்ன" என்றான். வாயைத் திறங்கோ என்று அவன் பாசையில் சொல்கிறான். அந்த அம்மா, "ஓம் தம்பி, கட்டத்தான் வந்தனான்," என்று சொல்லிவிட்டு வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். டொக்டரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

என் முறை வந்தது. டொக்டர் என் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கடைவாயில் இரண்டு சூத்தைப் பல் பிடுங்கின இடமும் இருந்தது. "முன்னுக்கு இவ்வளவு காலமா வெறுமையா விட்டிருக்கிறியள். ரெண்டு பக்கத்துப் பல்லும் உள்ளுக்குச் சாயத் தொடங்கிட்டுது அம்மா. இடம் சும்மா கிடந்தா பக்கத்துப் பல்லு வந்து பிடிக்கும்," என்றார்.

"எங்கட காணியளைப் போல," என்று பின்னால் நின்ற ஒருவர் சொன்னார். நாங்கள் திரும்பி வந்தபோது பாதிப் பேருடைய வேலி உள்ளே தள்ளிப் போடப்பட்டிருந்தது. அதனால் எல்லோருக்கும் விளங்கியது.

டொக்டர் ஒரு அட்டையை எடுத்தார். பெயர், வயது எழுதினார். பிறகு பேனையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பல்லு எப்பிடி அம்மா விழுந்தது?"

பாருங்கள், கேள்வியே அப்படித்தான் இருக்கிறது. எங்கள் பேச்சில் பல் எப்போதும் விழும். யார் தட்டினாலும் பல்தான் விழுந்தது என்போம். நான் "விழேல்லை" என்று சொல்லத் தொடங்கினேன். டொக்டருக்கு விளங்கவில்லை. காதைக் கிட்டக் கொண்டுவந்தார். அந்த நேரத்துக்குள் மச்சாள் சொல்லிவிட்டாள்.

"கேம்பில பைப்படியில வழுக்கி விழுந்தவ டொக்டர். நான் பக்கத்தில நிண்டனான். நான்தான் தூக்கினனான்."

டொக்டர் எழுதினார். 'விழுந்தது.' கறுப்புப் பேனையால், அச்சுப் போல எழுத்தில். அதுவரை அவளுடைய பொய் வாய்ப் பொய்யாக இருந்தது. இப்போது எழுத்தாகிவிட்டது.

ரோஸ் நிறக் களியைத் தட்டில் வைத்து என் மேல்வாயில் அமர்த்தி அச்சு எடுத்தார்கள். பிறகு டொக்டர் சூடாக்கிய மெழுகை வாய்க்குள் வைத்து, "கடியுங்கோ," என்றார். மச்சாள் எனக்கு எதிரே நின்று வடிவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பல் வந்தது. ரோஸ் நிறத் தகட்டில் மூன்று வெள்ளைப் பற்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தன. டொக்டர் மாட்டிவிட்டார். என்னால் உதட்டை மூட முடியவில்லை. கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளினால் மட்டும் பற்கள் நுனிக்கு நுனி முட்டின. சாதாரணமாக வாயை மூடினால் கடைவாய் அந்தரத்தில் நின்றது. பெடியன் கண்ணாடியைக் காட்டினான். சுறாக் குட்டி மாதிரி இருந்தேன்.

டொக்டர் அச்சை எடுத்துப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், திரும்ப அச்சைப் பார்த்தார். "நீங்கள் அண்டைக்கு எப்பிடிக் கடிச்சனீங்கள்? ஒருக்காக் கடிச்சுக் காட்டுங்கோ," என்றார். கடித்துக் காட்டினேன். தாடை தானாக முன்னுக்குப் போனது.

"என்ன வேலை செய்யிறியள்?"

"வலை."

"ஓ. தங்கூசி கடிக்கிற மாதிரியெல்லோ கடிச்சிருக்கிறியள்!"

உண்மைதான். சண்டைக்கு முந்தியே வலை பொத்தினவள் நான்; பல் இருந்த இருபது வருடமும் எனக்குக் 'கடி' என்றால் அந்தக் கடிதான். கடி என்று சொன்னவுடன் வாய் அப்படிப் போய்விடும். அதோடு அன்றைக்கு எதிரே அவள் நின்றாள். என்ன நினைத்துக் கடித்தேன் என்பதை டொக்டரிடம் சொல்லவில்லை.

"பரவாயில்லை, திரும்ப எடுப்பம். இந்த முறை கடிக்க வேண்டாம். நாக்கு நுனியை மேல மடிச்சு அண்ணத்தில பின்னுக்கு வையுங்கோ. எச்சிலை விழுங்கிக்கொண்டு மெல்ல வாயை மூடுங்கோ." அப்படிச் செய்தேன். தாடை தன்பாட்டில் பின்னால் போய் அமர்ந்தது.

அன்றைக்கும் மச்சாள் கூட வந்திருந்தாள். அடுத்த நாள் வாடியில் அவளுக்குத் திருநாள். கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக்காட்டி, "படலைக்குப் பலகை போட்டாச்சு, ஆனால் வெளிப்பக்கமா மாட்டிப்போட்டாங்கள்!" என்றாள். எட்டுப் பேரில் ஏழு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்போது எட்டாகிவிட்டது. சிரித்துக்கொண்டே உனக்கு இருக்கிறது என்று மனதுக்குள் சொன்னேன்.

அடுத்த மாதம் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனேன். கணவர் கடலுக்குப் போயிருந்தார். பல் பொருந்தியது. உதடு மூடியது. டொக்டர், "ஏதாவது சொல்லிப் பாருங்கோ," என்றார். எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்களாம். நான் சொன்னேன்:

"தண்ணிக்கான்."

ஒரு துளி காற்றும் இல்லாமல் வந்தது. டொக்டர், "தண்ணி வேணுமோ?" என்று கேட்டார்.

"வேண்டாம் டொக்டர். என்ர பல்லு விழேல்லை. தண்ணிக்கானால அடிச்சவ. என்னோட வந்து நிண்டாவே, அவதான். அந்த அட்டையை மாத்தி எழுத ஏலுமோ?"

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. "அம்மா, இது எங்கட அலுமாரிக்குள்ள கிடக்கப்போற அட்டை. ஒருத்தரும் வாசிக்கப் போறதில்லை."

"நான் வாசிச்சிட்டன் டொக்டர்."

அவர் அட்டையைத் தேடி எடுத்தார். 'விழுந்தது' என்பதை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு மேலே 'அடிபட்டது' என்று எழுதினார். யார் அடித்தது என்று எழுத அந்த அட்டையில் இடம் இல்லை என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் யோசித்தேன். அடிபட்டது என்றால் யார் அடித்தும் படலாம், தென்னோலை விழுந்தும் படலாம். எனக்கு அது போதவில்லை.

பல் வந்த விசயத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. ஈரத் துணியில் சுற்றி, பவுடர் ரின்னுக்குள் வைத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். வேலைக்குப் பழையபடி ஓட்டையோடு போனேன். அவள், "என்ன, சுறாப் பல்லைக் கடலுக்குள்ள விட்டிட்டியோ?" என்றாள். நான் ஓட்டையைக் காட்டிச் சிரித்தேன். இதுவரை வாயைப் பொத்திச் சிரித்தவள் திறந்து சிரித்ததை அவள் கவனிக்கவில்லை. அந்த மூன்று கிழமைகளும் எனக்கு மிகவும் இனிப்பாக இருந்தன. அவள் எவ்வளவு பகிடி விட்டாளோ அவ்வளவு எனக்கு நல்லது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு கிழமையும் அன்பியக் கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தது ஒரு அன்பியம். ஒரு கிழமை ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லுவோம். அதில் மன்றாட்டு என்று ஒன்று உண்டு. வட்டமாக இருந்து ஒவ்வொருவராகத் தங்கள் மனதில் இருப்பதைச் சொல்லி மன்றாட வேண்டும். ஒருவர் முடித்ததும் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்று சொல்ல வேண்டும். நான் ஒருநாளும் மன்றாட்டுச் சொன்னதில்லை. என் முறை வந்தால் தலையை ஆட்டுவேன், அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில்.

காலையில் கணவர் கடலுக்குப் போனதும் பல்லை மாட்டிக்கொண்டு குசினியில் நின்று பழகினேன். மன்றாட்டில் கூடியமட்டும் 'த' வருகிற சொற்களாகப் பொறுக்கி வைத்தேன். ஒருநாள் அவர் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் சட்டென்று நிறுத்தினேன்.

"என்ன, தனிய நிண்டு கதைக்கிறாய்?"

முதுகைக் காட்டிக்கொண்டே, "மன்றாட்டுப் பாடமாக்கிறன்," என்றேன்.

"நல்ல விசயம். உப்பிடிச் செபத்தில கலந்தா மனசு ஆறும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பதினான்கு பெண்கள் வந்தார்கள். மச்சாள் எனக்கு இடது பக்கத்தில் பாயில் இருந்தாள். பாட்டு, வாசகம் எல்லாம் முடிந்தன. அன்பியத் தலைவி, "இப்ப மன்றாட்டு," என்றதும் நான் தேத்தண்ணீர் பார்ப்பது போலக் குசினிக்குள் போய்ப் பல்லை மாட்டிக்கொண்டு, வாயை மூடியபடி வந்து இருந்தேன். ஒரு அம்மா மழைக்காக மன்றாடினார். ஒருத்தி சோதனை எழுதும் பிள்ளைகளுக்காக மன்றாடினாள். மச்சாள் கடலுக்குப் போகிற எல்லோருக்காகவும் அழகாக மன்றாடினாள். மற்றவர்களும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள். அவள் என்னைத் தாண்டி அடுத்தவளைப் பார்த்து, "படலை சாத்தியிருக்கு, நீ சொல்லு," என்று மெல்லச் சொன்னாள். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

நான் சொல்லத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன், இல்லாவிட்டால் எனக்குத் துணிவு வந்திருக்காது.

"அன்புள்ள தந்தையே. முகாமிலே தண்ணீருக்கு நின்ற இடத்தில், தண்ணிக்கானால் என் வாயில் அடித்து, மூன்று பற்களைத் தட்டி, நான் தானாக வழுக்கி விழுந்தேன் என்று இந்த நாள் வரை சொல்லித் திரிகிற என் மச்சாளுக்கு, உண்மையைச் சொல்லத் தகுந்த ஒரு வாயைத் தந்தருள வேண்டுமென்று, தந்தையே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எல்லோரும் சொன்னார்கள். பழக்கம். 'மன்றாடுகிறோம்' என்ற சொல் வந்ததும் வாய் தானாகச் சொல்லிவிடும். என் இடது காதில் மச்சாளின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. அவள் எப்போதும் மற்றவர்களைவிட உரத்துச் சொல்லுவாள். 'கேட்டருளும்' என்ற சொல்லின் பாதியில்தான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். 'ளும்' வரவில்லை.

நான் கண்ணைத் திறந்தேன். பதினான்கு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அடுத்து மன்றாட வேண்டியவள் மன்றாடவில்லை. தலைவி தடுமாறிப்போய், மீதிப் பேரை விட்டுவிட்டு, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கினார். எல்லோரும் அவசரமாகச் சேர்ந்துகொண்டார்கள். தீமை செய்பவர்களைப் பொறுப்பதுபோல என்ற இடம் வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். புதுப் பல்லோடு பொய் சொல்ல விருப்பமில்லை.

தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தேன். வழக்கம் போலக் குசினிக்குள் போகவில்லை. அவளுக்கு எதிரே போய் இருந்தேன்.

"செபத்திலயோ எடி பழி தீர்க்கிறது?" என்றாள் அவள்.

"பகிடிதானே மச்சாள்," என்றேன். "மச்சாளுக்கு மச்சாள் பகிடி விடக்கூடாதோ?"

ஒருத்தி தேத்தண்ணீர் புரையேறி இருமினாள். மச்சாளுக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

"உது பகிடியோ? இத்தினை சனத்துக்கு முன்னால! நான் உன்னை அடிக்கேல்லை! கான் பட்டது! கான் பட்டதுதானே ஒழிய நான் அடிக்கேல்லை!"

வாடியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து வலை பொத்துகிறவள், படலைப் பகிடிக்கெல்லாம் முதல் ஆளாகச் சிரிக்கிறவள், பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப அவ வழுக்கி விழேல்லையோ அக்கா?"

"விழுந்ததுந்தான். பட்டு... பட்டுத்தான் விழுந்தது."

"மூண்டு வருசமா பாசியில வழுக்கினது எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பாசியும் இருந்தது!"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் தப்பியிருப்பாள், பகிடியாகப் போயிருக்கும். தலைவி மட்டும், "சரி சரி, செபம் சொன்ன வீடு," என்றார். மச்சாள் எழும்பினாள். தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. வாசலில் செருப்பைக் காலால் தேடினாள், ஒன்று அகப்பட்டது, மற்றது வேறு யாருடையதோ. அதையும் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கணவர் வந்தபோது ஊருக்கே தெரிந்திருந்தது. "செபத்துக்குள்ள இப்பிடிச் செய்யலாமோ?" என்றார்.

"உங்கட அக்காவும் கேட்டருளும் எண்டவ," என்றேன்.

அவர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து சாப்பிடும்போது, "உண்மையாவே பட்டது எண்டவவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

இதை வாசிக்கிற நீங்கள், பிறகு எனக்கு மனம் உறுத்தியதா என்று நினைப்பீர்கள். இல்லை. அவள் விட்டுப்போன தேத்தண்ணீரை நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தது, சீனி அதிகம், ஆனாலும் குடித்தேன். அவளுடைய முகம் போன போக்கை நினைத்து நினைத்துப் பாத்திரம் கழுவினேன். என்னை இன்னும் 'அடித்தேன்' என்று அவள் சொல்லவில்லை, 'பட்டது' என்ற அளவுக்குத்தான் வந்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். விழுந்தது என்பதை விட்டுப் பட்டது என்பதற்கு வர அவளுக்கு மூன்று வருடம் ஆனது. அதைப் பதினான்கு பேர் கேட்டார்கள். மன்னிப்பதாக இருந்தால் மன்னிக்க ஏதாவது அவள் செய்திருக்க வேண்டும், அவளோ செய்யவில்லை என்றுதான் இன்னும் நிற்கிறாள். ஆகவே நான் மன்னிக்கவில்லை. படுக்கும்போது டொக்டர் சொன்னபடி பல்லைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மச்சாள் வேலைக்கு வரவில்லை, தலையிடி என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நாங்கள் ஏழு பேர் இருந்து இரண்டு வலைகளை முடித்தோம்.